கொரியாக்காரர்கள் பெய்யவைத்த மழை

ஜப்பான்காரர்களின் ஒரு கார்ட்டூன் படத்தில் தண்ணீரை அரசாங்கம் பூட்டி வைத்திருக்கும். கடைசிவரை மழையே பெய்யாது. அந்த நேர்மைக்காகவே எனக்கு அது பிடிக்கும். கொரியாக்காரர்கள் அதே கதையை நடிகர்களை வைத்து எடுத்து, முடிவில் மழையைக் கொட்டவிட்டிருக்கிறார்கள். விளாத்திகுளம் பக்கம் மாமனார் வீட்டில், ஒரு மாசி மத்தியானம் டிவியில் அதைப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே நாக்கு வறண்டு சாகிற கதையில், யாரைக் குஷிப்படுத்த இந்த மழை?

இடிச் சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்த மாமியார் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடினார். அங்கே மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. சுள்ளென்று அடித்த வெயிலிலிருந்து மூச்சு வாங்கத் திரும்பி வந்தவர், டிவியை ஒரு பார்வை பார்த்தார்.

"பெய்ய வேண்டிய ஐப்பசியில பெய்யல. வத்தலக் காயப்போட்ட பொறவுதான் எல்லாவனுக்கும் மழை நெனப்பு வருது. அத அமத்துங்க மாப்ள."