கண்ணீர்ப் பாறை என்று பெயர் வைத்தவள்

நாற்பத்தொரு வயதில் ஐரின் சைக்கிள் வாங்கியபோது மதுரை திருநகரில் அவள் தெரு முழுக்க வாய்க்குள்ளேயே சிரித்தது. மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். வாரம் முழுக்கக் கஞ்சி போட்ட பருத்திச் சேலையில் விறைப்பாகப் போய் வருகிறவள். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்த கையோடு சுடிதாருக்கு மாறி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தடித்த டயர் வைத்த சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால் சிரிக்கத்தானே செய்வார்கள்? சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் நடங்கள் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். நடப்பது அவளுக்கு ஒத்துவரவில்லை.

"நடந்தா கண்டதும் நெனப்புக்கு வருது. மிதிச்சா ரோட்டப் பாக்கத்தான் நேரம் சரியா இருக்கு" என்று கணவன் ஜெய்சனிடம் சொன்னாள்.

ஜெய்சன் மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்தான். அளந்து பேசுகிறவன். என்ன நினைப்பு வருகிறது என்று அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. பதினான்கு வருடமாக அந்த வீட்டில் இருவருக்கும் தெரிந்து, இருவருமே பேசாமல் விட்ட விஷயம் ஒன்று இருந்தது.

திருமங்கலம் சாலையில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஒதுங்கி ஒதுங்கியே சலித்துப்போனவள், ஒரு ஞாயிறு சாலையை விட்டு ஒரு கண்மாய்க் கரையில் ஏறிவிட்டாள். சரளை பரப்பிய கரை. ஒரு பக்கம் நாணலும் தண்ணீரும், மறு பக்கம் நெல். சக்கரத்துக்கு அடியில் கல் நெரிகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. கரை முடிந்த இடத்தில் ஒரு வண்டிப்பாதை இருந்தது. அது அடுத்த கண்மாயில் கொண்டுபோய் விட்டது. அந்தச் சீமையில் ஒரு கண்மாய் நிறைந்து வழிந்தால் அடுத்த கண்மாய்க்குத்தான் தண்ணீர் போகும். தண்ணீர் போகிற வழியில் சைக்கிளும் போகும் என்று அவளுக்கு அன்றைக்குப் பிடிபட்டது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அதே வேலையாக அலைந்தாள். வழி தப்பினாள், முள் ஏறி டயர் இறங்கி மைல் கணக்கில் உருட்டினாள், நாய் துரத்தி வாய்க்காலில் விழுந்தாள். கடைசியில் டி. கல்லுப்பட்டி சாலைக்கு மேற்கே வரை, தார் ரோட்டை மூன்றே இடத்தில் குறுக்கே கடந்து போகும்படி ஒரு பாதை அவள் கைக்கு வந்துவிட்டது. வழியில் பருத்திக் காட்டுக்கு நடுவே வேல் ஏந்திய வீரன் ஒருவனின் நடுகல் சாய்ந்து நின்றது. வண்டிக்காரர்கள் தங்கிப்போன பழைய கல்மண்டபத்தில் ஆடுகள் படுத்திருந்தன. மடைத்தூண் ஒன்றில் யாரும் படிக்காத எழுத்து இருந்தது. அந்தத் தூணில் முதுகைச் சாய்த்துத் தண்ணீர் குடித்தால் அவளுக்கு ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

வாய்க்காலில் விழுந்து தோள்பட்டை பிசகியதால்தான் தமிழ்வாணியைத் தெரியும். பைக்காராவில் சின்னதாக பிசியோதெரபி கிளினிக் வைத்திருந்தாள். இருபத்தொன்பது வயது, படபடவென்று பேச்சு.

"கண்மாய்க் கரையிலயா விழுந்தீங்க? அங்க எதுக்குக்கா போனீங்க?" என்று கேட்டாள். ஐரின் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, "நானும் வாரேன்க்கா" என்றாள்.

முதல் வாரம் பாதி வழியில் வாந்தி எடுத்தாள். மூன்றாவது மாதம் ஐரினை முந்திப் போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்து சிரித்தாள். கூடப் பிறந்த தங்கை இல்லாத ஐரின், சனிக்கிழமை ராத்திரியே இரண்டு பேருக்கும் சேர்த்துப் புளியோதரை கிளறி வைக்கப் பழகிவிட்டாள்.

பாதையின் கடைசியில் ஒரு பாறைக்குன்று. அது பேயாண்டியின் பட்டா நிலத்தில் இருந்தது. அறுபது வயதுச் சம்சாரி, மிளகாயும் சோளமும் போடுகிறவர். முதல் நாள் கம்போடு வந்துதான் மறித்தார். அப்புறம், "டீச்சரா? சரி தாயி, செருப்பக் கழட்டிட்டு ஏறிப் பாரு" என்று விட்டார். மேலே பாறைச் சரிவில் சம்மணம் போட்டு உட்கார்ந்த உருவம் ஒன்று செதுக்கியிருந்தது. சமணர் காலத்தது என்று ஐரினுக்குப் பார்த்ததும் தெரிந்தது. மழையும் வெயிலும் தின்று முகம் மட்டும் வழவழவென்று அழிந்திருந்தது. பேயாண்டி வீட்டாருக்கு அது குலசாமி. ஊமையய்யா என்று கும்பிட்டார்கள்.

"எப்ப வேணும்னாலும் வா தாயி, கும்புட்டுட்டுப் போ. ஆனா ஊரக் கூட்டிட்டு வந்துராத. எங்க சாமிக்குச் சத்தம் ஆகாது."

"யாருக்கும் சொல்ல மாட்டேன்யா" என்றாள் ஐரின். வாணியும் நெஞ்சில் கை வைத்து, "சத்தியமா சொல்ல மாட்டோம் ஐயா" என்றாள்.

அந்த உருவத்துக்கு முன்னால்தான் ஒருநாள் ஐரினுக்கு உடைந்தது. எந்த முன்னறிவிப்பும் இல்லை. புளியோதரை டப்பாவைத் திறந்தவள் அப்படியே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். எட்டாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்த மகளைப் பற்றிச் சொன்னாள். மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முகத்தைக்கூடக் காட்டவில்லை. பார்த்தால் மறக்க முடியாது என்றார் அப்பா. எங்கே புதைத்தார்கள் என்று கேட்டதற்கும் பதில் இல்லை. "மொகம் தெரியாத பிள்ளைய எப்படி வாணி நெனைக்கிறது? மறக்கவும் முடியல, நெனைக்கவும் முடியல." வாணி அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கூடவே அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை என்று ஐரின் இன்றைக்கும் சொல்வாள்.

அந்த வருடம் தை மாதம் டி. கல்லுப்பட்டி சாலை டீக்கடையில் ஒரு பிரெஞ்சுத் தம்பதியைச் சந்தித்தார்கள். அவர்களும் தடித்த டயர் சைக்கிளில் கன்னியாகுமரி நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் போனில் தன் ஊர்ப் படங்களைக் காட்டினாள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சரளைப் பாதை, பாசி பிடித்த சின்னக் கோயில், கல்பாலம். கார் வராத பாதை. உலகம் முழுக்க இருந்து ஆட்கள் அதில் சைக்கிள் மிதிக்கவென்றே வருகிறார்கள், வழியெல்லாம் விடுதியும் காப்பிக்கடையும் வந்துவிட்டன என்றாள். அவள் கணவர் டீயை ஊதிக்கொண்டே, "அதனால்தான் நான் இப்போது அங்கே போவதில்லை" என்றார்.

அந்தக் கணவர் சொன்னதை ஐரின் கேட்டாள். மனைவி சொன்னதை வாணி கேட்டிருக்கிறாள். அது பிறகுதான் தெரிந்தது.

சித்திரையிலிருந்து வாணி வருவது குறைந்தது. கல்யாணம் பேசுகிறார்கள் என்றாள், கிளினிக்கில் ஆள் இல்லை என்றாள். ஐரின் தனியாகவே போய் வந்தாள். ஆடி பிறந்து பள்ளியில் முதல் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது, ஆசிரியர் அறையில் சக டீச்சர் ஆனிமேரி போனை நீட்டினாள்.

"ஐரின், நீ சைக்கிள்ல போவேல்ல, இந்தப் பக்கமெல்லாம் போயிருக்கியா? எவ்வளவு அழகா இருக்கு பாரு."

வீடியோவில் வாணி பேசினாள். பின்னால் புல்லாங்குழல். "மதுரைக்குப் பக்கத்துல இப்படி ஒரு சரளைப் பாதை இருக்குன்னு தெரியுமா? ரெண்டு வருஷம் நான் தேடித் தேடிக் கண்டுபிடிச்சது." மடைத்தூண் வந்தது. நடுகல் வந்தது. பிறகு ஊமையய்யா. வாணியின் குரல் இறங்கியது. "இதுக்கு நான் வச்ச பேரு கண்ணீர்ப் பாறை. எனக்குத் தெரிஞ்ச ஒரு மேத்ஸ் டீச்சர். செத்துப் பொறந்த கொழந்தையோட மொகத்தக்கூட அவங்களுக்குக் காட்டல. முகமில்லாத இந்தச் சிலையப் பாத்ததும் பதினாறு வருஷத்து அழுகைய இங்கதான் அழுது தீத்தாங்க. டிக்கெட் போட்டு சைக்கிள்ல கூட்டிட்டுப் போறேன், நீங்களும் வாங்க. உங்க பாரத்த இறக்கி வைங்க."

ஆனிமேரி சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவள் ஐரின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. "ஐயோ... ஐரின்" என்றாள். ஐரின் விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு தேர்வறைக்குப் போய்விட்டாள். மூன்று மணி நேரம் பிள்ளைகளுக்கு நடுவே நடந்தாள். கால் தரையில் பட்டதா என்று அவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் நேரே கிளினிக்குக்குப் போனாள். வாணி எழுந்து வந்து, "அக்கா, உங்க பேரச் சொல்லலையே" என்றாள். முதல் வார்த்தையே அதுதான்.

"பாதை நீ கண்டுபிடிச்சதா வாணி?"

"அப்படிச் சொன்னாத்தான்க்கா கேக்குறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"பாத போகட்டும். என் பிள்ளைய எதுக்குடி எடுத்த?"

வாணி தலை குனிந்துகொண்டாள். மெதுவாக, உண்மையைச் சொல்கிற குரலில் சொன்னாள்: "மொதல்ல பாதைய மட்டுந்தான்க்கா போட்டேன். யாரும் பாக்கல. அந்தக் கதையச் சொன்ன பெறகுதான் ஆளு வர ஆரம்பிச்சுச்சு."

அடித்திருந்தால் ஐரினுக்கு ஆறியிருக்கும். திரும்பி நடந்தாள்.

வீட்டில் ஜெய்சன் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். அலுவலகத்திலும் யாரோ காட்டியிருக்கிறார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. அவகிட்டப் போயி எல்லாத்தையும் சொல்லியிருக்க."

"நீங்க கேட்டீங்களா?"

அவன் எழுந்து நின்றான். பிறகு, "நான் பாத்தேன் ஐரின்" என்றான். "மொகத்த. நாந்தான் கையில வாங்கினேன். ஒங்கப்பா ஒங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

அவள் அப்பா இறந்தே ஏழு வருடம் ஆகிறது. "இம்புட்டு வருஷமும் தெரிஞ்சேதான் எம்பக்கத்துல படுத்திருந்தீங்களா?" என்றாள். முகம் எப்படி இருந்தது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அவனிடம் அதைக் கேட்டு வாங்குவதற்கு அன்றைக்கு அவளுக்கு மனம் வரவில்லை. பக்கத்து அறையில் போய்ப் படுத்தாள்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பேயாண்டியிடம் போனாள். கரையெல்லாம் புதுத் தடம். பாறையின் மேல் வழிகாட்ட நீலப் பெயிண்டில் அம்புக்குறி போட்டிருந்தார்கள். ஒரு அம்பு ஊமையய்யாவின் மடிக்குக் கீழேயே இருந்தது. பேயாண்டி வேலிக்காத்தான் முள்ளை வெட்டி வெட்டிப் பாதையில் அடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அரிவாளை நிறுத்தினார்.

"வாங்க டீச்சர்" என்றார்.

தாயி போய்விட்டது. நீ போய் நீங்க வந்துவிட்டது. அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது.

"நான் சொல்லலைய்யா. சத்தியமாச் சொல்லல."

"நீங்க சொல்லலேன்னே வச்சுக்குவோம். கூட்டிட்டு வந்தது யாரு? செருப்புக் காலோட ஏறுறான். சாமி தலைக்கு மேல எதையோ பறக்க விட்டுப் படம் எடுக்குறான். கேட்டா, டிக்கெட்டு வாங்கிட்டு வந்திருக்கோம்கிறான். எங்க சாமியப் பாக்க எவன்கிட்டம்மா டிக்கெட்டு வாங்குனான்?"

ஐரின் கீழே கிடந்த முள்கிளையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். அவர் அடுத்த கிளையை வெட்டினார். வெயில் உச்சிக்கு வரும் வரை இருவரும் பேசாமல் முள்ளை இழுத்துப் போட்டுப் பாதையை அடைத்தார்கள். கையெல்லாம் கிழித்து ரத்தம். முடிந்ததும் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். "இனி நீங்களும் வராதீக" என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள்.

அத்தோடு வாணியின் சவாரி நின்றுவிடும் என்று நினைத்தாள். நிற்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஆனிமேரி தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னாள். பாதையை வேறு பக்கம் திருப்பிவிட்டார்களாம். இப்போது கடைசியில் வருவது கண்மாய் ஓரத்தில் இருக்கும் வேறொரு மொட்டைப் பாறை. அதற்கும் கண்ணீர்ப் பாறை என்றே பெயராம். அதே டீச்சர், அதே கதை.

ஐரின் அந்த ஞாயிறே போனாள். பாறையடியில் இருபது சைக்கிள்கள் சாய்த்து வைத்திருந்தார்கள். வாணி மேலே நின்று பேசிக்கொண்டிருந்தாள். "அவங்க இந்த எடத்துலதான் உக்காந்தாங்க..." என்று கையை நீட்டியவள் கூட்டத்துக்குப் பின்னால் ஐரினைப் பார்த்துவிட்டாள். ஒரு நொடி வாய் நின்றது. பிறகு மேலே பேசினாள். நிறுத்தாமல் கடைசி வரைக்கும் பேசி முடித்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் தாண்டி ஐரின் முன்னால் வந்தாள்.

"அந்த டீச்சர் நாந்தான்" என்றாள். வகுப்பில் பேசுகிற குரல்தான் வந்தது. "இந்தப் பாறைக்கு நான் இன்னைக்குத்தான் மொத தடவையா வாரேன். நான் இங்க அழல. என் மகளப் பத்திப் பேசுறதுக்கு இவளுக்கு நான் சொல்லிக் கொடுக்கவும் இல்ல."

ஒருவன் போனைத் தூக்கி அவளைப் படம் பிடிக்க ஆரம்பித்தான். "எடுக்காதீங்க, ப்ளீஸ், எடுக்காதீங்க" என்று வாணி மேலிருந்து கத்தினாள். யாருக்காகக் கத்தினாள் என்று பார்க்க ஐரின் நிற்கவில்லை. சைக்கிளைத் திருப்பிக் கரையில் ஏற்றி மிதித்தாள்.