அந்தம்மா மார்க்லதான் நின்னாங்க

கேமரா குழுவில் எல்லோரும் அவரை 'இஞ்சு' என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். ஆனால் டேப்பே தேவையில்லை. எதிரே நிற்கும் ஆள் எத்தனை அடி, எத்தனை இஞ்ச் தள்ளி நிற்கிறார் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். வேலை, ஃபோகஸ் பிடிப்பது. நடிப்பவர் நடந்து வர வர, லென்ஸோடு இணைத்த சக்கரத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, முகம் மங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சரியாகச் செய்தால் அப்படி ஒரு ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது. பிசகினால் மட்டும் அத்தனை தலைகளும் திரும்பும். பத்தொன்பது வருடத்தில் அப்படித் திரும்பியது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று படப்பிடிப்பு, காலியாகக் கிடந்த ஒரு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில். அதன் நடைபாதைக்கு வெள்ளை அடித்து ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். அம்மா வேடத்துக்கு அறுபதைத் தாண்டிய ஒரு நடிகை வந்திருந்தார். மகன் இறந்த செய்தி கேட்டு, அவனுடைய ஷூவைக் கையில் ஏந்தியபடி நடந்து வர வேண்டும்; நடையிலேயே ஒரே ஒரு வசனம் பேசி, தரையில் ஒட்டிய மஞ்சள் டேப் மார்க்கில் வந்து நிற்க வேண்டும்.

"இது கால் கடிக்குதுன்னான். நாளைக்கு மாத்தித் தரேன்னு சொல்லியிருந்தேன்."

அவ்வளவுதான் வசனம். அதை அந்தம்மா அழாமல், கடைக்காரரிடம் முறையிடுவதைப் போலச் சொன்னார். இஞ்சு வேலையை மறந்து அவர் முகத்தையே பார்த்தபடி நின்றுவிட்டார். அந்தம்மா எடுத்துவைத்த கடைசி இரண்டு அடிக்கும் சக்கரத்தில் இருந்த கை நகரவே இல்லை. திரையில் அந்த முகம் பனி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைப் போல மங்கிப்போனது.

"நல்லா வந்துட்டிருந்துச்சே! கடைசியில ஏன் மங்கிடுச்சு?" என்று டைரக்டர் கத்தினார். ஒளிப்பதிவாளர் இஞ்சுவைத் திரும்பிப் பார்த்தார்.

இஞ்சுவின் வாய் முந்திக்கொண்டது. "மார்க்கைத் தாண்டி வந்துட்டாங்க சார்."

அந்தம்மா அதற்குள் மார்க்கை விட்டு நகர்ந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "அப்படியா தம்பி? தப்பு என்னுதுதான். இன்னொரு தடவை போலாம்" என்று எழுந்தார்.

ஒன்பது தடவை போனார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தம்மாவின் கண் மஞ்சள் டேப்பைத் தேடித் தரைக்கே போனது. முதல் தடவை வந்தது அதற்குப் பிறகு வரவே இல்லை. சாப்பாட்டு வேளையில் மேக்கப்காரர் என்ன விஷயம் என்று கேட்டபோது, இஞ்சு இன்னும் ஒரு படி மேலே போனார். "வயசாயிடுச்சில்லண்ணே, கண்ணு சரியாத் தெரியல பாவம்." அந்தப் பேச்சு மாலைக்குள் கட்டடம் முழுக்கச் சுற்றி வந்தது. அந்தம்மாவின் அடுத்த காட்சிக்கு முன் ஆளையே மாற்றி எல்லாவற்றையும் மறுபடி எடுக்கலாமா என்றுகூட டைரக்டர் யோசித்தார்.

இரண்டு நாள் கழித்து, அந்தக் காட்சிக்கு அந்தம்மா எல்லோருக்கும் முன்னால் வந்து இஞ்சுவைத் தேடினார்.

"தம்பி, ஒரு உதவி. அந்த டேப்பைக் கொஞ்சம் பட்டையா ஒட்டுவீங்களா? கண் டாக்டரைப் பாத்தேன், ஒண்ணும் இல்லைங்கறார். வீட்ல தரையில கோடு போட்டு நடந்து பாக்கறேன், சரியாத்தான் நிக்கறேன். இங்க வந்தா என்னமோ ஆயிடுது. இந்தப் படத்தோட போதும்னு என் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்."

இஞ்சு அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "நீங்க மார்க்லதான்மா நின்னீங்க. என் கைதான் நின்னுபோச்சு. நீங்க நடிச்சதைப் பாத்துட்டே நின்னுட்டேன். மாட்டிக்கக் கூடாதுன்னு பொய் சொல்லிட்டேன்."

அந்தம்மா பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன்!" குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது இஞ்சுவுக்கு.

"மன்னிச்சிடுங்கம்மா."

"அது அப்புறம். யார் யார்கிட்ட என்னைப் பத்திச் சொன்னீங்களோ, அவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் மாத்திச் சொல்லிட்டு வாங்க."

போனார். மேக்கப்காரர் "ஐயையோ, நான் டிரைவர் வரைக்கும் சொல்லிட்டேனே" என்று தலையில் கை வைத்தார். டிரைவரிடம் போனால் அவர் சமையல்காரரிடம் அனுப்பினார். லைட் ஏற்றும் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள், ஒருவர் சிரித்தேவிட்டார். டைரக்டர் எழுந்து நேராக அந்தம்மாவிடம் போனார். ஒளிப்பதிவாளர் மட்டும் இஞ்சுவை ஏற இறங்கப் பார்த்தார்.

"கை தவறுறது யாருக்கும் நடக்கும்யா. உன் வார்த்தையை நம்பித்தானே அவங்களை ஒன்பது தடவை நடக்க வெச்சேன்? இன்னிக்கு நீ லென்ஸ் பெட்டியைப் பாத்துக்க."

அன்று வேறொரு உதவியாளர் சக்கரத்தைப் பிடித்தார். அந்தம்மா ஒருமுறைகூடக் கீழே பார்க்கவில்லை. முதல் டேக்கிலேயே காட்சி முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கை தட்டத் தனக்கு அருகதை உண்டா என்று தெரியாமல், இஞ்சு பெட்டி மூடியைப் பிடித்தபடி நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைச் சமையலறையிலேயே பிடித்தார். "அந்த நடிகையம்மாவுக்குக் கண்ணு தெரியலைன்னு சொன்னேன்ல, அது பொய்."

கேட்டு முடித்ததும் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "நான் எங்க தையல் கடையில அத்தனை பேர்கிட்டயும் சொல்லிட்டேங்க. பாவம், இனிமே அவங்களை யார் கூப்பிடுவாங்கன்னு உச்சுக்கொட்டினோம்."

"நாளைக்கு நீ மாத்திச் சொல்லிடேன்."

"நானா? நல்லா இருக்கே! பத்து மணிக்குக் கடை திறக்கும். நீங்களே வாங்க."

மறுநாள் காலை, நான்கு தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்த அந்தச் சின்னக் கடை வாசலில் அவர் செருப்பைக் கழற்றினார். மனைவி கை காட்டியதும் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நான்கு பெண்களும் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள்.