ராகுகாலத்துக்கு முன் ஏற வேண்டும்

ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டால் ஐம்பது வயதிலும் என் கால்கள், போர்க்காலத்தில் குண்டுக்குப் பயந்து பதுங்கிய பங்கரைத் தேடும். அப்படிப்பட்ட நான்தான், சிறு வயதிலேயே கனடா போய் இப்போது விடுமுறைக்கு வந்திருந்த தங்கைக்கும் அவள் பிள்ளைகள் இருவருக்கும், எங்கள் ஊரைச் சுற்றியுள்ள தீவுகளை மேலிருந்து பார்க்கும் ஹெலிப் பயணத்தை ஏற்பாடு செய்தேன். பாதுகாப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பஞ்சாங்கத்தைத்தான் புரட்டினேன். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு முன் ஏறிவிட வேண்டும்.

பத்து மணிக்கு மைதானத்தில் காற்று புழுதியை வாரி இறைத்தது. கடற்பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது.

"அக்கா, காத்துச் சரியில்லை. ஒரு மணித்தியாலம் பொறுப்பம்," என்றார் விமானி.

"பத்தரைக்கு ராகுகாலம் துவங்குது. உந்தக் காத்துக்குப் பயந்தால் நீர் என்ன பைலட்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் கோபிக்கவில்லை. கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார்.

"இதிலை மூண்டு பேர்தான் கிடக்கு. நீங்கள் வரேல்லையோ?"

"ஐயோ, நான் ஏறமாட்டன். எனக்குப் பயம்."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. தங்கை பிள்ளைகளின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் மழை அடித்து ஊற்றியது; பயணம் நின்றுபோனது. விமானி தன் குடையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நனைந்தபடி நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு முகமில்லை.

பிறகு வந்த நாட்களில் தங்கையிடம் மன்னிப்புக் கேட்பதற்கான சொற்களை நெஞ்சுக்குள் அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். ஒன்றும் வெளியே வரவில்லை. அவர்கள் விமான நிலையத்துக்குப் புறப்பட்ட காலை, வான் வண்டியின் கதவைச் சாத்துமுன் தங்கை மெதுவாகக் கேட்டாள்:

"உனக்குப் பயமெண்டால், என்ரை பிள்ளையளை ஏன் அக்கா ஏறச் சொன்னனி?"