வாசலில் வைத்த சிவப்புப் புள்ளி

திண்டுக்கல்லில் ஒரு தெருவுக்கு முழுசாக வரைபடம் போட்டவன் நான். ரோட்டின் அகலம், சாக்கடையின் ஆழம், எந்த வீட்டுப் படி எத்தனை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, எல்லாம் நானே அளந்தது.

பொய். படம் போட்டது என் தங்கச்சி மகள். நான் பிடித்தது அளவு டேப்பின் ஒரு நுனியை. அதையும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. நுனியில் இருக்கிற கொக்கி விரலைக் கீறிவிடும் என்று பயந்து, ஒரு ஜாண் உள்ளே தள்ளிப் பிடித்திருக்கிறேன். சாயங்காலம் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தால், தெருவில் இருக்கிற எல்லா வீடும் ஒரு ஜாண் வளர்ந்திருந்தது. மறுநாள் முதலிலிருந்து அளந்தோம்.

நான் ஆட்டோ ஓட்டுகிறவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கண்டு பயந்து ஓடிவிட்டது. தங்கச்சி மகள், அதாவது என் மருமகள், சென்னையில் படிக்கிறாள். என்ன படிப்பு என்று கேட்டால், ஒரு ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று திட்டம் போடுகிற படிப்பு என்பாள். ஆட்டோ ஸ்டாண்டில் பெருமையாகச் சொன்னேன். "இருக்குற ஊரையே கூட்டிப் பெருக்க ஆளக் காணோம், இதுல திட்டம் வேறயா?" என்றார்கள்.

அவளுக்கே அப்போது அதில் பெரிய பிரியம் கிடையாது. கிடைத்த மார்க்குக்குக் கிடைத்த படிப்பு. லீவுக்கு வரும்போது கல்லூரியில் ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தார்கள்: சொந்த ஊரில் ஒரு தெருவை எடுத்து அளந்து, படம் வரைந்து, யார் எங்கே நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். பேகம்பூர்ப் பக்கம் நாங்கள் குடியிருக்கிற தெருவையே எடுத்துக்கொண்டாள். தூரமாகப் போகச் சோம்பல். அது என் குடும்பத்து ரத்தம்.

காலையில் என் ஆட்டோவின் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களுக்குக் கோடு போடுவாள். நடக்கிறவருக்கு ஒரு கோடு, வண்டிக்கு ஒரு கோடு. இரண்டு நாள் கொட்டாவி விட்டுக்கொண்டே போட்டாள். மூன்றாம் நாள் திடீரென்று முன்னால் குனிந்து கேட்டாள்.

"மாமா, இம்புட்டு நீளத் தெருவுல எல்லாரும் ஏன் இந்த ஒரு எடத்துல மட்டும் நிக்கிறாங்க?"

இடியாப்பக்கார அக்கா கடையைத்தான் சொன்னாள். கடை என்றால் கடை இல்லை. அக்கா வாடகைக்கு இருக்கிற வீட்டின் முன்னால், சாக்கடையை மூடிப் போட்ட நாலு சிலாப்புக் கல். மேலே ஒரு தகரம். கல் மேல் அடுப்பு. விடிந்ததிலிருந்து இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். வாங்க வந்தவர்கள் அந்தக் கல் ஓரத்தில் உட்காருவார்கள். வாங்காதவர்களும் உட்காருவார்கள். ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிற பெண்கள் அங்கேதான் ஷேர் ஆட்டோவுக்கு நிற்பார்கள், தகரத்து நிழலுக்காக.

"இடியாப்பம் நல்லா இருக்கும்ல, அதான்" என்றேன்.

"அது இல்ல மாமா. இந்தத் தெருவுல ஒரு ஆளு சும்மா நிக்கிறதுக்கு வேற எடமே கெடையாது. நீங்களே பாருங்க."

பார்த்தேன். இருபது வருஷமாக ஓட்டுகிற தெரு. நிஜமாகவே கிடையாது. அன்றைக்கு அவள் மத்தியானச் சோற்றுக்குக்கூட வரவில்லை. நோட்டில் அந்த நாலு கல்லை மட்டும் ஏழெட்டு விதமாக வரைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் படிப்பு பிடிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

நான் குட்டிச்சுவராக்கியதும் அதற்கு அடுத்த நாள்தான்.

அளந்த இடம் மறக்காமலிருக்க அவள் ஒவ்வொரு வாசல் ஓரத்திலும் சாக்பீஸால் ஒரு புள்ளியும் நம்பரும் போட்டிருந்தாள். எங்கள் தெருவில் கோலம் போடுகிற வீடும் உண்டு, போடாத வீடும் உண்டு. ஆனால் விடிந்ததும் வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவாத வீடு ஒன்றுகூடக் கிடையாது. காலையில் போய்ப் பார்த்தால் புள்ளியும் இல்லை, நம்பரும் இல்லை. பிள்ளை முகம் வாடிவிட்டது. எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வருகிற அன்றைக்கு வீட்டில் யாராவது என்னைக் கட்டிப்போட வேண்டும். ஆட்டோவுக்கு டச்சிங் செய்த பெயின்ட் டப்பாவில் மிச்சம் இருந்தது. எந்தத் தண்ணீருக்கும் போகாத பெயின்ட். அவள் தூங்கி எழுந்து வருவதற்குள் எல்லா வாசலிலும் புள்ளி வைத்து, நம்பரும் எழுதிவிட்டேன்.

பெயின்ட்டின் நிறம் சிவப்பு.

எங்கள் ஊரில் வாசலில் சிவப்பு வைத்தால் என்ன அர்த்தம் என்று கைப்பிள்ளைக்கும் தெரியும். பக்கத்துப் பெரிய ரோட்டில் முன்னால் ஒருமுறை இப்படித்தான் சிவப்பு வைத்தார்கள். பின்னாலேயே ரோட்டை அகலப்படுத்தப் பொக்லைன் வந்தது. அது எனக்கும் தெரியும். பிரஷ் கையில் இருக்கும்போது மட்டும் ஞாபகம் வரவில்லை.

டெய்லர் அண்ணன் கடையைத் திறந்துகொண்டே கேட்டார்.

"ஏலே, என்னலே சிவப்பு அடிக்கிற? எம்புட்டு போகுது?"

"ஒங்க மிசின் கெடக்குற எடம் வரைக்கும் போகுதுண்ணே. இனிமே கட்டில்ல உக்காந்து தைங்க."

அவர் சிரிக்கவில்லை. என் பேச்சுக்கு அவர் ஒருநாளும் சிரித்ததில்லை என்பதால் நான் அதைக் கவனிக்கவில்லை.

மத்தியானத்துக்குள், இடிக்கப்போகிறார்கள் என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் இடியாப்பக்கார அக்கா என் ஆட்டோவை வழியில் மறித்தார்.

"ஏப்பா, வீட்டு ஓனருக்கு யாரோ போன் பண்ணிட்டாங்க. வியாழக்கெழம வந்து கல்லையும் தகரத்தையும் அவரே எடுத்துக்கிறாராம். அடுப்ப உள்ள வச்சாலும் இடியாப்பம் வேகும். அந்த இருட்டு ரூமுக்குள்ள யாருப்பா வந்து வாங்குவா? நீதான சொன்ன, நீயே இல்லேன்னு சொல்லு."

அக்காவுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரம் பக்கம். காய்கறி வியாபாரம். நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். போனில் என் மருமகளே பேசினாள். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம்.

"ஏனுங்க பாப்பா, நீங்க சொல்றது வாஸ்தவமுங்க. மொதல்ல காலேஜ் புள்ளைங்கதான் டேப்போட வருவாங்க. அப்பறந்தானுங்க ஆபீசர் வருவாரு."

"இல்லங்க, இது வெறும் படிப்புக்குங்க. காலேஜ்ல பண்ணச் சொன்னாங்க."

"சரிங்க. காலேஜுக்கு யாருங்க சொன்னது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆட்டோ மீட்டரைப் பார்த்தேன்.

"மெசின் வந்து இடிச்சா தகரமும் நசுங்கி, செவுரும் சேந்து போயிருமுங்க. நாமளே பதனமா எடுத்து வச்சுக்கலாமுங்க" என்று ஆறுதல் சொல்லி வைத்தார்.

அவள் கல்லூரிக்குப் போன் செய்து, இது மாணவர் பயிற்சிதான், இடிப்பதற்கு இல்லை என்று ஒரு கடிதம் வாங்கினாள். ஜெராக்ஸ் கடையில் எடுத்து டெய்லர் அண்ணனிடம் கொடுத்தேன். அவர்தான் தெருவுக்குப் பேப்பர் படித்துச் சொல்கிறவர். அவர் எழுத்தைப் படிக்கவே இல்லை. நேராகக் கீழே பார்த்தார்.

"பாத்தியா, சீல் வச்சே வந்துருச்சு."

ராத்திரிக்குள் அந்தக் கடிதம் எல்லார் போனுக்கும் போய்விட்டது, நோட்டீஸ் வந்துவிட்டது என்ற செய்தியோடு.

சரி, புள்ளியையே அழித்துவிடலாம் என்று தின்னரும் துணியும் கொண்டுபோய் அக்கா வாசலில் உட்கார்ந்து தேய்த்தேன். பாதி தேய்ப்பதற்குள் எதிர்வீட்டு அம்மா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"அவுகளுக்கு மட்டும் அழிக்கிறீகளே, நாங்க என்ன பாவம் செஞ்சோம்?"

எல்லாருக்கும் அழிக்கத்தான் போகிறேன் என்றேன். "அப்ப அளவ மாத்துறாக" என்று யாரோ சொன்னார்கள். திரும்பி வந்தால் ஆட்டோ சீட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. பசி. இரண்டைத் தின்றுவிட்டேன். மூன்றாவது வாயில் இருக்கும்போது டெய்லர் அண்ணன் பக்கத்தில் வந்து, குரலை இறக்கிச் சொன்னார்.

"அப்பு, கோட்ட எதுத்தாப்புல ஒரு அடி தள்ளி வையி. எதுத்த வீட்டுக்காரனுக்கென்ன, ஒத்தக்கட்டதான?"

பழத்தைத் துப்பவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை.

கடைசியாக மருமகள் என்னைக் கார்ப்பரேஷன் ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். எங்கள் தெருவை இடிக்கப்போவதில்லை என்று ஒரு வரி எழுதி வாங்கலாம் என்று. அங்கிருந்த கிளார்க் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். "பாப்பா, நாங்க செய்யப்போற வேலைக்குத்தான் எழுதிக் குடுக்க முடியும். செய்யாத வேலைக்கு என்னன்னு எழுதுறது?" சரியாகத்தானே சொல்கிறார் என்று எனக்கே தோன்றியது.

வியாழக்கிழமை வீட்டுக்காரர் கடப்பாரையோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, இடியாப்பத் தட்டுகளை நெஞ்சோடு அடுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். மருமகள் அவள் வரைந்த படத்தைக் கல்லின் மேலேயே விரித்து, யார் யார் எப்போது வந்து நிற்கிறார்கள் என்று வீட்டுக்காரருக்குச் சொன்னாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா போட்டிருக்கீங்க பாப்பா. நானும் ஆசைக்கு எடுக்கலீங்க. இனி மேலும் இடிக்க மாட்டாங்கன்னு நீங்க எழுதிக் குடுங்க, நான் இப்பவே திரும்பிப் போயிர்றேன்."

அவள் பேனாவை எடுத்தாள்.

"எழுது ஆத்தா" என்றேன். "கீழ நான் கையெழுத்துப் போடுறேன். எனக்கு வர்ற ஒரே எழுத்து அதுதான்."

அக்காவும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா தாளுக்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மூடிவிட்டாள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "பின்னாடி வருவாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாதுங்க."

"அதத்தானுங்க நானும் சொல்றேன்" என்றார் அவர், வருத்தமாக.

தகரம் இறங்கியது. நாலு கல்லும் போயின. கீழே சாக்கடை கறுப்பாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. நான் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பேன் என்று பழக்கத்தில் ரெண்டு பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அக்கா கையிலிருந்த தட்டுகளை வாங்கி உள்ளே கொண்டுபோனேன்.

மறுநாள் காலையிலும் அவள் நோட்டோடு பின் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். எதற்கு ஆத்தா என்றேன். "இப்ப எத்தன பேரு நிக்கிறாங்கன்னு பாக்கணும்" என்றாள். ஒரு கோடுகூடப் போடவில்லை. வெள்ளைத் தாளை அப்படியே தேதி எழுதி வைத்துக்கொண்டாள். சென்னைக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "டேப்ப நீட்டுறதுக்கு முன்னாடி நாம ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லல மாமா." நாம என்றாள். பெயின்ட்டையும் சேர்த்துத் தன் கணக்கில் எடுத்துக்கொண்டாள். நல்ல வளர்ப்பு, என் வளர்ப்பு இல்லை.

அக்கா ஒரு வாரம் இருட்டு ரூமில் வைத்துப் பார்த்தார். மாவு மிஞ்சியது. ஒருநாள் நான் போய் ஆட்டோவை அந்த வாசலில் நிறுத்தி, "பின் சீட்டுல வச்சு விக்கிங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். ஒரு நாளைக்கு என்றுதான் நினைத்தேன். அன்றிலிருந்து காலை சவாரி கிடையாது. என் ஆட்டோவைத் தாண்டி வேறு வண்டியும் போக முடியாது. இருக்கிற ரோட்டில் பாதியை நானே அடைத்துக்கொண்டு நிற்கிறேன், நகரத் திட்டப் படிப்பு படிக்கிறவளின் தாய்மாமன். இதைச் சொல்லிக்கொண்டிருக்கிற இப்போதும் எதிர்வீட்டுப் படியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மருமகள் இப்போது போனில் வேறு எதுவும் பேசுவதில்லை. எந்தத் தெருவைப் பார்த்தாலும் அங்கே ஒரு ஆள் எங்கே நிற்பான் என்றுதான் பேச்சு. நேற்று கூப்பிட்டாள். வகுப்பில் எல்லார் முன்னாலும் படத்தைக் காட்டினாளாம். நாலு கல் இருந்த படம் ஒன்று, இல்லாத படம் ஒன்று. அவளுடைய வாத்தியாரம்மா எழுந்து வந்து, அந்தக் காலி இடத்தில் விரலை வைத்து, அப்புறம் இவளைத் திரும்பிப் பார்த்து...

"ஏப்பா ஆட்டோ! எதுக்க பால் வண்டி வந்து நிக்கிது, ஹாரன் அடிச்சே கொல்றான். ஒன் வண்டிய எடுப்பா! மெதுவா எடு, இடியாப்ப ஏனமெல்லாம் உள்ளதான் இருக்கு!"

"இந்தா வாரேங்க்கா."