சுவத்துக்குத் தைச்ச மெத்தை

முப்பது வருசமா உக்கடத்துல மெத்தை தைக்கறேனுங்க. கட்டிலுக்குத் தைச்சிருக்கேன், தொட்டிலுக்குத் தைச்சிருக்கேன், ஒரு நகைக்கடைக்காரரு ஊட்டு நாய்க்குக்கூட தைச்சுக் குடுத்திருக்கேன். ஆனா "ரசாக் பாய், சுவத்துக்கு மெத்தை வேணுமுங்க"ன்னு வந்து நின்ன ஒரே ஆளு புலியகுளத்து ஜோஸ்தான்.

"சுவரு எப்பத் தூங்குதுங்க தம்பி?"ன்னு கேட்டேன். மனுசன் சிரிக்கவே இல்ல.

ஜோஸ் ஒரு மோட்டார் கம்பெனியில காயில் சுத்தற வேலையில இருந்தாரு. ஞாயித்துக்கிழமையானா மாதா கோயில்ல கீபோர்டு வாசிப்பாரு. தொண்ணுத்தி நாலாம் வருசம் ஒரு நாலு ட்ராக் கேசட் ரெக்கார்டர் வாங்கிப்போட்டு, படுக்கற ரூமையே ஸ்டுடியோ ஆக்கறேன்னு கட்டிலத் தூக்கி ஹாலுல போட்டுட்டாரு. ரூமு பத்துக்குப் பத்து. கையத் தட்டினா டங்குன்னு திரும்பி வருது.

"குடத்துக்குள்ள பாடின மாதிரி பதிவாகுதுங்க பாய். ரெண்டு சுவத்துக்கு மட்டும் மெத்தை போடுங்க, போதும்"னாரு.

யாரு பாடறதுக்குன்னு கேட்டேன். அவரு சம்சாரம் கரோலின் பாடறதுக்காம். பதினஞ்சு வருசம் கோயில் பாடகர் குழுவுல முன்னாடி நின்னு பாடின அம்மணி. புதுசா வந்த பாட்டு மாஸ்டர் ஒருத்தரு, "பாடறது நீங்க இல்லீங்கம்மா, எதிரொலிக்கற கோயில் கூரைதான். வெளிய பாடினாத் தெரியும் சங்கதி"ன்னு நாலு பேரு முன்னால சொல்லிப்போட்டாராம். அன்னிக்கு மூடின வாய்தான். ஆறு மாசமா சமைக்கறப்பக்கூட ஒரு முணுமுணுப்பு இல்லையாம். ரூமு நல்லா அமைஞ்சா ஒரே ஒரு பாட்டு பாடிப் பாக்கறேன், அதுவும் சரியில்லைன்னா இனி என்னைக் கூப்பிடாதீங்கன்னு சொல்லியிருக்காங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! நரம்பில்லாத நாக்கு, என்ன வேணா பேசறதா?

அந்தக் கோவத்துலதான் நானும் ஒரு தப்புப் பண்ணினேன். ஜோஸ் கம்பெனி வேலையா பெங்களூரு போன மூணு நாள்ல ரெண்டு சுவத்தையும் முடிச்சுட்டேன். மிச்ச ரெண்டும் மொட்டையா நிக்குது. அதப் பாத்துட்டு மெத்தைக்காரன் கை சும்மா இருக்குமா? என் சொந்த இலவம்பஞ்சுலயே நாலு சுவத்துக்கும் தைச்சேன், கதவுக்குத் தைச்சேன், மேல சட்டம் அடிச்சுக் கூரைக்கும் கட்டினேன். ஒரு சாண் இடம் காலி இல்ல. ஜோஸ் வந்து பாத்து முழிச்சாரு. "அம்மணிக்கு என் சார்புலங்க"ன்னு பெருமையாச் சொன்னேன்.

கரோலின் அம்மணி மைக்குக்கு முன்னால நின்னு ரெண்டு வரி பாடினாங்க. குரலு உதட்ட விட்டு வந்ததும் அங்கியே விழுந்துபோச்சு. ஈரப் பஞ்சாட்டம் கனமாக் கிடக்குது, உசுரே இல்ல. பாட்ட நிறுத்திட்டாங்க. "அந்த மாஸ்டர் சொன்னது சரிதானுங்க"ன்னு மெதுவாச் சொல்லிப்போட்டு சமையலறைக்குப் போயிட்டாங்க.

ஒரு சந்தேகத்துல நானே அந்த ரூமுக்குள்ள நின்னு, "ஏனுங்க, அம்மணி!"ன்னு கத்திப் பாத்தேன். தெருமுக்கு வரைக்கும் கேக்கற தொண்டைங்க இது. எலி கத்துன மாதிரி வந்துச்சு. அட கிறுக்குப்பய ரசாக்கே! அம்மணி குரலுக்கு ஒண்ணுமில்லடா, நீதான்டா அமுக்கிப் போட்டுட்டே!

கத்திரிய எடுத்தேன். கூரை மெத்தை, கதவு மெத்தை, நான் கூடுதலாப் போட்ட ரெண்டு சுவத்து மெத்தை எல்லாத்தையும் சரசரன்னு கிழிச்சுப் போட்டேன். பஞ்சு பறந்து ஊடு பூரா வெள்ளையாப் போச்சு. அம்மணி கரண்டியோட ரூமுக்குள்ள ஓடி வந்தாங்க.

"என்னுங்க பாய், பைத்தியமா புடிச்சிருக்குது உங்களுக்கு? கொழம்பெல்லாம் பஞ்சு! இத யாரு கூட்டிப் பெருக்கறது?"

திட்டு கணீர்னு வந்துச்சுங்க. குடத்துச் சத்தமும் இல்ல, அமுங்கவும் இல்ல.

"இன்னுங்கொஞ்சம் திட்டுங்க அம்மணி"ன்னேன். ஜோஸ் வாய்விட்டுச் சிரிச்சாரு. "நான் போட்ட மெத்தைக்குள்ள எந்தக் கொம்பன் பாடினாலும் அப்படித்தானுங்க கேக்கும். தப்பு என்னுது"ன்னு அம்மணிகிட்ட சொன்னேன். அவங்க கரண்டிய என் கையில குடுத்துட்டு மைக்குக்கு முன்னால போயி நின்னாங்க.

தலையெல்லாம் பஞ்சோட முழுப் பாட்டையும் பாடினாங்க. ஜோஸ் ரீவைண்டு பண்ணிப் போட்டாரு. நடுவுல ஒரு எடத்துல மூச்சு இழுக்கற சத்தம் நல்லாக் கேட்டுச்சு. "இத அழிச்சுட்டு மறுக்கா எடுக்கலாமா?"ன்னு பட்டன் பக்கம் கையக் கொண்டுபோனாரு.

அம்மணி அவரு கையப் புடிச்சுட்டாங்க. "அழிக்காதீங்க. கூரை மூச்சு இழுக்குமா? அது நானுங்க"ன்னு சொல்லி அழுதுட்டாங்க. அழுதுக்கிட்டே அடுத்த பாட்டுக்குச் சுருதி கேட்டாங்க.