வெறும் வயிறு

டாக்டர் பாஸிலாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ‘ஏன்’ என்று கேட்கும் வியாதி உண்டு. பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்த அவருடைய அத்தா, இந்த வாய்க்கு வக்கீலுக்குத்தான் படிக்க வேண்டும் என்று சலித்துக்கொள்வாராம். மகளோ மருத்துவம் படித்தார், அதிலும் ஹார்மோன். கண்ணுக்கே தெரியாத ஒன்று ரத்தத்தில் கூடிக் குறைந்தே ஒரு ஆளைக் குண்டாக்குகிறது, தூங்கவைக்கிறது, அழவைக்கிறது. இதை விட்டுவிட்டு வேறு எதைப் படிப்பது என்று கேட்பார். நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் திண்டுக்கல் மருத்துவக் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தபோதும் அந்த வியாதி குணமாகியிருக்கவில்லை.

வந்ததும் ஒரு புதிர் மாட்டியது. தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண்கள் பலருக்கு, எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் ரத்தத்தில் ஹார்மோன் அளவு சரியாகவில்லை. வெறும் வயிற்றில்தான் போடுகிறீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். அப்படியானால் தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று வடமதுரைப் பக்கத்து போர்வெல் தண்ணீரையெல்லாம் பாட்டிலில் பிடித்துவந்து அடுக்கினார். சோதித்துச் சோதித்து என் கண் பூத்துப்போனதுதான் மிச்சம்.

அந்தப் பெண்களில் ஒருத்தி பவித்ரா. பூ விவசாயம். இரண்டு முறை கரு கலைந்திருந்தது. அளவு சரியாகும்வரை அடுத்த குழந்தைக்குப் பொறுத்திருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ரிப்போர்ட்டை நீட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கும்.

அது ரமலான் மாதம். டாக்டர் நோன்பில் இருந்தார். எதிரே பேப்பர் கப்பில் டீயோடு உட்கார்ந்த பவித்ரா, தனக்கும் இன்று சஷ்டி விரதம் என்றாள்.

டாக்டர் கப்பையே பார்த்தார். “விரதம்ங்கிறே, டீ குடிக்கிறே?”

“டீ என்ன சாப்பாடா டாக்டரம்மா?”

“அப்ப மாத்திரைய எதுல போடுவே?”

“டீயிலதான். வெறும் வயித்துலதானே போடச் சொன்னீக?”

நோன்பு பிடித்து வளர்ந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர் இறங்கினாலே அது வெறும் வயிறு இல்லை. ஊருக்கோ இட்லி இறங்கும்வரை வெறும் வயிறுதான். டீயோடு போனால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. சொல்லப்போனால், ரிப்போர்ட்டோடு பக்கத்தில் நின்ற நானே அன்று காலை குடித்த இரண்டு டீயைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை.

அன்றே டாக்டர் கேள்வியை மாற்றினார்: காலையில் எழுந்ததும் வாயில் முதலில் என்ன போகும்? பாதிப் பேர் டீ என்றார்கள். பாட்டில்களை நானே சந்தோஷமாகக் கொட்டினேன்.

தண்ணீரில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்து டீ என்று சொன்னதும் பவித்ராவுக்குச் சில மாதங்களில் அளவு சரியானது. அடுத்த வருஷம் பெண் குழந்தை. பார்க்கப் போனோம். எல்லாருக்கும் டீ வந்தது. அவள் மட்டும் எடுக்கவில்லை. அன்றிலிருந்து தொடவே இல்லையாம். குடிக்கலாம் என்றுதானே சொன்னேன் என்றார் டாக்டர்.

“மனசு கேக்கல டாக்டரம்மா. ஒரு வாய் டீக்கு ரெண்டு உசுர விட்டுட்டேனோன்னு.”

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். பிறகு, “தப்பு உன் டீயில இல்லம்மா. நான் கேட்ட கேள்வியில.”

தன் டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கும்வரை குழந்தையை மடியில் வைத்திருந்தார்.