இடப்பக்கத்துக் கைபிடி

உழவு இயந்திரம் திருத்தும் எங்கள் கராச்சில் நிற்கும் பிறஸ்ஸின் இடப்பக்கக் காலில் ஒரு கைபிடி இருக்கிறது. ஒரு முழ நீள இரும்புக் கம்பி. அதன்மேல் வலை கட்டும் நீல நைலோன் கயிறு நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கிறது. கயிறு எண்ணெய் பட்டுக் கறுத்துவிட்டது, முடிச்சு மட்டும் இன்னும் இளகவில்லை. கொழும்புத்துறை அண்ணை போட்ட முடிச்சு அது.

அண்ணை எனக்குச் சொந்தமில்லை. புத்தூரில் இதே கராச்சில் நாங்கள் இருவரும் ஒரே முதலாளியிடம் வேலை செய்தோம். கடற்கரைக் குடும்பத்து மனிதர். கழுத்தில் சிலுவை, காதில் எப்போதும் ஒரு பென்சில். கதை குறைவு, கதைத்தாலும் பாதி பகிடிதான். நான் இடக்கைக்காரன் என்பதால், "உன்னோடை வேலை செய்யிறது கண்ணாடியோடை வேலை செய்யிற மாதிரியடா" என்பார்.

உழவு இயந்திரங்களின் அச்சிலிருந்து பெயாரிங் கழற்றவும் ஏற்றவும் அந்தப் பிறஸ்தான். மேலிருந்து எண்ணெய் அழுத்தத்தில் தண்டு இறங்கும். கீழே சாமானைத் தாங்க ஓர் இரும்பு மேசை. சாமானின் உயரத்துக்கு ஏற்ப மேசையை ஏற்றி இறக்க வேண்டும். பாரம் என்றால் சும்மா பாரமில்லை. ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையால் பிறஸ்ஸின் காலிலுள்ள துளைக்குள், மேசையைத் தாங்கும் இரும்புப் பின்னைச் செருகுவோம். நான் இடக்கையால் செருகுவேன். வருடக்கணக்கில் ஒரு பிசகும் வந்ததில்லை.

அது ஒரு விஜயதசமி. பிறஸ்ஸுக்குச் சந்தனம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, பூசை முடிந்து முதல் வேலையைத் தொடங்கும் நேரம். முதலாளியும் நாலைந்து வாடிக்கைக்காரரும் சுற்றி நின்றார்கள். நல்ல காரியத்தை இடக்கையால் தொடங்கக்கூடாது என்று சின்ன வயதில் முழங்கையில் வாங்கிய அடிகள் எனக்கு நினைவுக்கு வந்தன. இடக்கையால் மேசையைத் தாங்கி, பழக்கமில்லாத வலக்கையால் பின்னைச் செருகினேன். அது மறுபக்கத் துளைவரை போகவில்லை. அது எனக்குத் தெரிந்தது. இத்தனை பேர் பார்க்கிறார்களே, பிறகு தட்டிவிடலாம் என்று, "சரி அண்ணை" என்றேன்.

என் பக்கத்தில் மாலையின் நுனி மேசைக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் இடையில் தொங்கியது. "பொறு, உங்கடை சாமியின்ரை மாலை நசியப்போகுது" என்று அண்ணை அதை எடுக்க மேசைக்குக் கீழே கையை விட்டார். நான் செருகிய பின் நழுவியது, மேசை விழுந்தது. அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் முதலாளி கேட்டபோது, "என்ரை கவலையீனம் ஐயா, நான் கையை விட்டிருக்கக்கூடாது" என்றார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன், வாய் திறக்கவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை.

மூன்று மாதத்தில் திரும்பி வந்தார். வந்த கிழமையே, படகைக் கரைக்கு இழுக்கும் பழைய வின்ச் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிறஸ்ஸின் மேற்சட்டத்தில் இரண்டு கப்பிகள், மேசையின் இரு முனைகளுக்கும் கம்பிக்கயிறு, இடக்காலில் வின்ச். அதன் கைபிடியை விட்டாலும் பல்சக்கரம் பிடித்துக்கொள்ளும். பாரமான இரும்புக் கட்டைகளைத் தூக்கி வைக்க, கதவுபோல் திரும்பும் ஒரு கொக்கிச் சட்டத்தையும் ஒட்டினார். இனி ஒருவரே நின்ற நிலையில் மேசையை ஏற்றலாம். எல்லாரும் மெச்சினார்கள். எனக்கு உள்ளே குத்தியது. என் கை இனி வேண்டாம் என்றுதானே இதைச் செய்திருக்கிறார் என்று நினைத்தேன். கைபிடி ஏன் இடப்பக்கம் என்று முதலாளி கேட்டதற்கு, "வலக்கை மொட்டையாப் போச்செல்லோ" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னைப் பல வருடம் நித்திரை கொள்ள விடவில்லை.

போன மாரியில் அண்ணை நுரையீரல் வருத்தத்தில் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டுக் கொழும்புத்துறைக்குப் போனேன். அவருடைய மனைவி தேத்தண்ணி தந்துவிட்டு அடுப்படிக்குப் போனதும் சொல்லிவிட்டேன்.

"அண்ணை, அண்டைக்குப் பின் முழுசா இறங்கேல்லை. தெரிஞ்சுகொண்டுதான் சரியெண்டு சொன்னனான்."

அவர் என் பக்கம் தலையைத் திருப்பினார். மூச்சு இழுத்தது.

"உது எனக்கு அண்டைக்கே தெரியும். நீ வலக்கையாலை செருகினதைப் பாத்தனான்."

"பிறகேன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னா விரல் முளைக்குமே?" இருமிவிட்டு, வலக்கையைப் போர்வைக்கு வெளியே எடுத்தார். "நான் இண்டைக்கும் சோறு தின்னுறது இந்த மூண்டு விரலாலைதான். அந்தப் பிடி உனக்கடா. உன்ரை கைக்கெண்டுதான் அந்தப் பக்கம் வைச்சனான்."

நான் அழுதேன். அவர் தேத்தண்ணி ஆறுது, குடி என்றார். பெரிய வெள்ளிக்கு முன்னரே அவரை அடக்கம் செய்துவிட்டோம்.

இந்த விஜயதசமிக்கும் பிறஸ்ஸுக்கு மாலை போட்டோம். ஆட்கள் சுற்றி நின்றார்கள். "முதல் வேலை, வலக்கையாலை துவங்கு தம்பி" என்று முதலாளி சொன்னார். நான் மாலையின் நுனியை ஒதுக்கிவிட்டு, நீலக் கயிறு சுற்றிய கைபிடியை இடக்கையால் பிடித்துச் சுற்றினேன். மேசை ஏறியது. பின்களைச் செருகி, பிறஸ்ஸின் பின்புறம் போய்க் குனிந்து, இரண்டும் மறுபக்கத் துளையால் முழுதாக வெளியே வந்திருக்கின்றனவா என்று பார்த்தேன். வந்திருந்தன.

"சரி அண்ணை" என்றேன்.